இணையவழி விளையாட்டில் பலமிழந்த பாத்திரங்களும் சமநிலைப் பிரச்சினையும்

2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளுக்கும் நீச்சலுக்கும் நிகராக, கணினித் திரையின் முன் அமர்ந்து ஆடப்படும் விளையாட்டுகளுக்கும் முதன்முறையாக உத்தியோகபூர்வப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் தென்கொரியா தங்கப் பதக்கத்தையும், சீனத் தாய்பே வெள்ளிப் பதக்கத்தையும், சீனா வெண்கலப் பதக்கத்தையும் பெற்றுக்கொண்டன. தங்கம் வென்ற தென்கொரிய இளைஞர்களுக்கு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகாலக் கட்டாய இராணுவ சேவையிலிருந்து அந்நாட்டுச் சட்டப்படி விலக்குக் கிடைத்தது. சிறுவர்களின் வீண் பொழுதுபோக்கு என்று பெற்றோரால் கண்டிக்கப்பட்டு வந்த ஒன்று, ஓர் இளைஞனின் வாழ்க்கைப் பாதையையே மாற்றக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. இதனை வரவேற்பதா இல்லையா என்பது வேறு விவாதம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது, அவ்விளையாட்டுகளுக்குள்ளேயே ஓயாது நிகழ்ந்து வரும் ஒரு சர்ச்சையை. பலமிழந்து போன ஒரு விளையாட்டுப் பாத்திரத்தைத் திருத்திப் பலப்படுத்த வேண்டுமா, வேண்டுமாயின் யாருக்காக, என்பதே அச்சர்ச்சை.

உதைபந்தாட்டம் எவருக்கும் சொந்தமானதன்று. அதன் விதிகளில் ஒன்றை மாற்றுவதாயின் கூட்டங்கள் கூடி, விவாதித்து, ஆண்டுகள் செல்ல வேண்டும். லீக் ஒஃப் லெஜண்ட்ஸோ, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் சொத்து. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வெளியான இவ்விளையாட்டின் எண்களும் விதிகளும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. நேற்றிரவு வெற்றிமேல் வெற்றி பெற்றுப் படுக்கைக்குச் சென்ற ஒருவர், மறுநாள் அதே பாத்திரத்துடன் அதே விதமாக ஆடித் தோற்றுப் போகலாம். அவரது திறமை குறைந்துவிடவில்லை. இரவோடிரவாக எங்கோ ஓர் எண் மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவது நல்லது. ஐவர் கொண்ட இரு அணிகள் மோதுகின்றன. எதிரணியின் பாசறைக்குள் உள்ள மையக் கட்டமைப்பைத் தகர்க்கும் அணி வெற்றி பெறும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இன்று அவ்வாறு தெரிவு செய்யக்கூடிய பாத்திரங்கள் 170இற்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான ஆற்றல்கள் உண்டு. ஒன்று தூரத்திலிருந்து தாக்கும், இன்னொன்று அடிதாங்கும், மற்றொன்று தோழர்களின் காயத்தை ஆற்றும். தெரிவுக்கு முன்னர் ஒவ்வோர் அணியும் ஐந்து பாத்திரங்களைத் தடை செய்யலாம். சுருங்கக் கூறின், சதுரங்கத்தில் இருதரப்புக்கும் ஒரே விதமான காய்கள் இருக்க, இங்கே இருதரப்பினரும் வெவ்வேறு காய்களை வைத்து ஆடுகின்றனர். ஆகவே, எந்தக் காய் எவ்வளவு பலமுடையதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது தவிர்க்க முடியாதது.

ஒரு பாத்திரத்தின் பலத்தைக் குறைப்பதனை விளையாடுவோர் 'நேர்ஃப்' என்றும், கூட்டுவதனை 'பஃப்' என்றும் அழைக்கின்றனர். நேர்ஃப் என்பது சிறுவர்களுக்கான மென்மையான நுரைப் பொருட்களாலான விளையாட்டுத் துப்பாக்கிகளின் வணிகப் பெயராகும். கையில் இருந்த உண்மையான ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு நுரைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறையை ஒரே சொல்லில் அடக்கிவிட்ட அந்தப் பெயரற்ற மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பலம் குறைக்கப்பட்ட பாத்திரத்தின் அபிமானிகள், "எமது பாத்திரம் செத்துவிட்டது, உடனே திருத்துங்கள்" என்று குரலெழுப்புவர். இக்குரலை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐவர் வெல்ல ஐவர் தோற்கின்றனர். எனவே ஆடப்பட்ட பாத்திரங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் சராசரி வெற்றி வீதம் 50 ஆகவே இருக்கும், கூடவோ குறையவோ முடியாது. ஒன்றை உயர்த்தினால் வேறு சில தாழ்ந்தே தீரும். பலவீனமான பாத்திரமே இல்லாத விளையாட்டு என்பது, கடைசிப் பிள்ளை இல்லாத வகுப்பறையைப் போன்றது. ஆதலால் ஒரு பாத்திரம் பட்டியலின் அடியில் இருக்கிறது என்பது மாத்திரம் திருத்தத்துக்கான காரணமாகாது. எவ்வளவு தாழ்வு, எவ்வளவு காலமாக, எதனால் என்பவையே கேட்கப்பட வேண்டியவை.

அஸீர், ரைஸ் ஆகிய இரு பாத்திரங்களின் கதை இவ்விடயத்தில் மிகவும் பயனுள்ளது.

அஸீர் 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் அறிமுகமானது. பாலைவனப் பேரரசன் ஒருவனின் உருவம். தானே நெருங்கிச் சென்று போரிடாது, மணலிலிருந்து சிப்பாய்களை எழுப்பி நிறுத்தி, அவர்களைக் கொண்டு தூரத்திலுள்ள எதிரியைத் தாக்குவது இதன் தனித்தன்மை. ஆபத்து வரும்போது அச்சிப்பாய்கள் நிற்கும் இடத்தை நோக்கிப் பாய்ந்து செல்லலாம். இறுதி ஆற்றலாக, சிப்பாய்களின் வரிசையொன்றைச் சுவர்போல் முன்தள்ளி எதிரிகளைப் பின்னுக்கு வீசலாம். கைதேர்ந்தவர்கள் எதிரிகளின் நடுவே பாய்ந்து, அச்சுவரினால் அவர்களைத் தமது அணியினர் காத்திருக்கும் பக்கமாகத் தள்ளிவிடுவர். கேட்பதற்கு எளிது. ஆனால் சிப்பாயை எழுப்பி, நகர்த்தி, பாய்ந்து, சுவரை எழுப்பும் அனைத்தையும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் பிழையின்றிச் செய்ய வேண்டும். ஓர் அசைவு தவறினால் அஸீர் எதிரிகளின் நடுவே தனித்து நின்று மடிவதைத் தவிர வேறு வழியில்லை.

ரைஸ், விளையாட்டின் தொடக்க நாட்களிலிருந்தே இருந்து வரும் நீலநிற மந்திரவாதி. 2016ஆம் ஆண்டின் மறுவடிவமைப்பில் இப்பாத்திரத்துக்குப் புதியதோர் ஆற்றல் வழங்கப்பட்டது. தரையில் ஒரு வட்டத்தைத் திறந்தால், இரண்டு விநாடிகளின் பின்னர் அவ்வட்டத்துக்குள் நிற்கும் தோழர்கள் அனைவரும் இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லப்படுவர். ஒலிவாங்கியில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஐந்து தொழில்முறை வீரர்களுக்கு இது பேராயுதம். எதிரி எதிர்பாராத பக்கத்தில் ஐவரும் ஒன்றாகத் தோன்றலாம், அல்லது தோல்வியின் விளிம்பிலிருந்து ஐவரும் ஒன்றாக மறையலாம். மாறாக, வீட்டிலிருந்து ஆடும் ஒரு மாணவனுக்கு அவனது அணியிலுள்ள மற்றைய நால்வரும் முன்பின் அறியாதவர்கள். அவன் வட்டத்தைத் திறக்கும்போது ஒருவர் வருவார், இருவர் திரும்பியும் பார்க்கமாட்டார், நான்காமவர் இரண்டாவது விநாடியில் வெளியே காலடி எடுத்து வைப்பார். ஒரே ஆற்றல்தான், ஓரிடத்தில் பொன், மற்றோரிடத்தில் வெறும் புழுதி.

விளைவு யாதெனில், இவ்விரு பாத்திரங்களும் சாதாரண விளையாட்டாளர்களிடையே நீண்ட காலம் 50 சதவீதத்துக்குக் கீழான வெற்றி வீதத்துடன் தடுமாறிய அதேவேளை, தொழில்முறைப் போட்டிகளில் மீண்டும் மீண்டும் தெரிவு செய்யப்பட்டன. 2015ஆம் ஆண்டு பேர்ளின் நகரில் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்ற தென்கொரியாவின் எஸ்.கே. டெலிகொம் அணியின் நினைவாக வெளியிடப்பட்ட சிறப்புத் தோற்றங்களில் அஸீர், ரைஸ் இரண்டுமே இடம்பெற்றன. 'ஃபேக்கர்' எனும் பெயரால் உலகம் அறிந்த லீ சாங்-ஹியோக்கின் நினைவுக்கு உரியது ரைஸ். 2025ஆம் ஆண்டுடன் ஆறு உலகப் பட்டங்களை வென்றுள்ள அவரது கையில் ரைஸ் பலவீனமானது என்று எவரும் கூறத் துணியமாட்டார். மேடையில் இவை மிகைப்பலம் பெறும்போதெல்லாம் நிறுவனம் இவற்றின் பலத்தைக் குறைத்தது. மேடைக்காகக் குறைக்கப்பட்ட பலத்தின் இழப்பு வீட்டிலிருந்து ஆடுவோரின் தலையிலும் விழுந்தது. அவர்களோ ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தவர்கள்.

ஆக, "இப்பாத்திரம் பலவீனமானதா?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. யாருடைய கையில் என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அக்கேள்விக்கே பொருள் வருகிறது.

வெற்றி வீதத்தை வைத்து வாதிடுவோர் கவனிக்கத் தவறும் இன்னொரு சிக்கலும் உண்டு. எவரும் விரும்பித் தெரிவு செய்யாத ஒரு பாத்திரத்தை, அதனையே வருடக்கணக்கில் ஆடி வரும் சிலர் மாத்திரம் ஆடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களது தேர்ச்சியினால் அப்பாத்திரத்தின் வெற்றி வீதம் உயர்ந்து நிற்கும். எதிராக, கவர்ச்சி மிக்க ஒரு பாத்திரத்தை எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். முதன்முறை ஆடுவோரின் தோல்விகள் குவிந்து அதன் வீதத்தைக் கீழே இழுக்கும். புள்ளிவிபரத்தில் முன்னையது பலசாலி, பின்னையது நோஞ்சான். உண்மை நேரெதிராக இருக்கலாம். ஒரு பாத்திரம் பலப்படுத்தப்பட்ட செய்தி வெளியானவுடன், பழக்கமில்லாத பலர் அதனை நோக்கி ஓடுவதால், பலப்படுத்திய பின்னரும் வெற்றி வீதம் சில நாட்களுக்கு உயராதிருப்பதும் இக்காரணத்தினாலேயே. அஸீர் போன்ற கடினமான பாத்திரங்களில் இது மேலும் கூர்மையடைகிறது. முதல் பத்து ஆட்டங்களில் தடுமாறுபவர் நூறாவது ஆட்டத்தில் வேறொரு மனிதர். இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது இருவரில் எவருக்கும் பொருந்தாத ஓர் எண்.

இச்சிக்கல்களை ரயட் நிறுவனம் அறியாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு அது தனது அளவுகோலைப் பகிரங்கமாக வெளியிட்டது. விளையாட்டாளர்கள் நான்கு பிரிவினராக வகுக்கப்பட்டனர். முதற் பிரிவில் 90 சதவீதமான சாதாரண விளையாட்டாளர்கள். அடுத்து மேல்நிலையிலுள்ள 10 சதவீதத்தினர். அதற்கும் மேலே ஆயிரத்தில் ஒருவர் எனத்தக்க உச்சநிலையினர். நான்காவது பிரிவு தொழில்முறைப் போட்டியாளர்கள். இந்நான்கில் எந்தவொரு பிரிவிலேனும் எல்லை மீறினால் அப்பாத்திரம் மிகைப்பலம் உடையதாகக் கருதப்பட்டுக் குறைக்கப்படும். ஆனால், நான்கு பிரிவுகளிலும் கோட்டுக்குக் கீழே வந்தால் மாத்திரமே அது பலவீனமானதாகக் கொள்ளப்படும்.

குற்றவாளியாகக் காண ஒரு நீதிமன்றம் போதும், நிரபராதி என்று விடுதலை பெற நான்கு நீதிமன்றங்களும் இணங்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது. மேலோட்டமாக அநீதியாகத் தோன்றினும் இதற்குள் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிகைப்பலம் பெற்ற பாத்திரம் எல்லா ஆட்டங்களிலும் தலைகாட்டி, அதனை விரும்பாதவர்களது ஆட்டத்தையும் கெடுக்கும். பலமிழந்த பாத்திரத்தையோ வேண்டாதவர் எடுக்காது விட்டுவிடலாம். முன்னையது ஊருக்குப் பொதுவான தொல்லை, பின்னையது அதன் அபிமானிகளின் தனிப்பட்ட துயரம். 170 பாத்திரங்களை வைத்து இரண்டு வாரத்துக்கொருமுறை கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனம் முதலில் பொதுத் தொல்லையைக் கவனிப்பதில் தவறில்லை.

ஆயினும், இவ்விதியில் அஸீரும் ரைஸும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். மேடையில் அவை பயன்படுத்தப்படும் வரை, நான்கு பிரிவுகளிலும் பலவீனம் என்ற நிபந்தனை நிறைவேறப் போவதில்லை. 90 சதவீதத்தினர் தோற்றுக்கொண்டே இருந்தாலும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நூறு தொழில்முறை வீரர்களின் தெரிவு அவர்களது முறைப்பாட்டை இரத்துச் செய்துவிடும். விதியின் மொழியில் கூறுவதாயின், அப்பாத்திரம் பலவீனமானதே அன்று. வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கும் ஒன்று, ஆவணத்தில் நலமாக இருப்பதாகப் பதிவாகிறது. நாம் இங்கு குறை காண்பது இதைத்தான். தொழில்முறைப் போட்டி இல்லையேல் விளையாட்டுக்கு உலகப் புகழ் இல்லை என்பது மெய்யே. எனினும் அப்போட்டியின் செலவைச் சுமப்பவர்கள், பாத்திரங்களையும் அவற்றின் அலங்காரத் தோற்றங்களையும் பணம் கொடுத்து வாங்கும் சாதாரண விளையாட்டாளர்களே. மேடையின் அழகுக்காக அவர்களது ஆட்டம் நிரந்தரமாகப் பலியிடப்படுவதற்கு ஓர் எல்லை வேண்டும்.

"எதையும் தொடாதீர்கள், விட்டுவிடுங்கள்" என்று கூறுவோரும் உளர். அவர்களது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 'சுப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' எனும் சண்டை விளையாட்டு 2001ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அக்காலத்தில் விளையாட்டு வட்டுத்தட்டில் விற்கப்பட்டது. விற்ற பின் இணையத்தினூடாகத் திருத்தும் வழி இருக்கவில்லை. அதிலுள்ள யோஷி எனும் பச்சைநிற டைனோசர் பாத்திரம், பெரும் போட்டிகளுக்கு உதவாதது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. ஜப்பானைச் சேர்ந்த 'அம்சா' எனும் வீரர் அதனையே பிடிவாதமாக ஆடி வந்தார். விளையாட்டு வெளியாகி ஏறத்தாழ 21 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவில் நடைபெற்ற 'த பிக் ஹவுஸ்' பெரும் போட்டியில் அதே யோஷியைக் கொண்டு அவர் முதலிடம் பெற்றார். யோஷியின் ஓர் எண்ணைக்கூட எவரும் மாற்றியிருக்கவில்லை. பலவீனம் பாத்திரத்தில் இருக்கவில்லை, அதனைப் பற்றிய எமது அறிவில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

2014ஆம் ஆண்டு வொஷிங்டனில் நடைபெற்ற பொக்கிமொன் உலகச் சாம்பியன் போட்டியும் இவ்வாறே பேசப்படுகிறது. நமது செவிக்குப் பச்சரிசி என்று ஒலிக்கும் 'பச்சிரிசு' என்ற சிறிய அணில் பாத்திரத்தைத் தென்கொரியாவின் பார்க் செ-ஜுன் தனது அணியில் சேர்த்தபோது வியக்காதவர் இல்லை. எதிரியின் தாக்குதல்களைத் தன்மீது வாங்கிக்கொண்டு தோழர்களைக் காக்கும் ஒரேயொரு பணிக்காக அதனை வைத்து அவர் உலகப் பட்டத்தை வென்றார்.

இவை மனத்துக்கு உவப்பான கதைகள். ஆனால் இவற்றிலிருந்து எதனைக் கற்றுக்கொள்வது என்பதில் நிதானம் தேவை. அம்சாவின் வெற்றிக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பைச் செலவிட அவருக்குத் துணிவு தந்தது எது? தாம் கற்பது நாளை மாறிவிடாது என்ற உறுதி. இரண்டு வாரத்துக்கொருமுறை மாறும் விளையாட்டில் அத்தகைய உறுதி எவருக்கும் கிடையாது. இன்று பலவீனமாக இருக்கும் பாத்திரத்தின் மறைந்த பலத்தைத் தேடிப் பத்தாண்டு உழைப்பதைவிட, அடுத்த திருத்தம் வரும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது. அடிக்கடி திருத்தும் பழக்கம், திருத்தம் கேட்கும் பழக்கத்தையும் கூடவே வளர்க்கிறது. ஆகவே, முறைப்பாடு எழுந்த மறுவாரமே எண்ணை மாற்றுவது நல்ல மருத்துவமன்று. அதேபோன்று, ஓர் அம்சா தோன்றினார் என்பதற்காக ஏனைய யோஷி அபிமானிகள் அனைவரும் 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதும் நியாயமாகாது.

கிரிக்கெட்டை அறிந்த எமது வாசகர்களுக்கு இப்பிரச்சினை உண்மையில் புதியதன்று. ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் 2011ஆம் ஆண்டு முதல் இரு முனைகளிலிருந்தும் இரு புதிய பந்துகள் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்களுக்கு மேல் பழையதாகாத நிலையில், பழைய பந்தை எதிர்த்திசையில் வளைக்கும் வேகப்பந்து வீச்சாளரின் கலை ஒருநாள் போட்டிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. விரல்களால் சுழற்றுவோரும் பாதிக்கப்பட்டனர். எந்தப் பந்துவீச்சாளரும் திறமை இழக்கவில்லை. விதி அவர்களைப் பலமிழக்கச் செய்தது. 2025ஆம் ஆண்டில்தான், 34 ஓவர்களுக்குப் பின்னர் இரண்டில் ஒரு பந்தையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்ற திருத்தம் வந்தது. பதினான்கு ஆண்டுகள். ரயட் நிறுவனத்தின் இரண்டு வாரங்கள் அவசரம் என்றால், சர்வதேச கிரிக்கெட் சபையின் பதினான்கு ஆண்டுகளை எவ்வாறு அழைப்பது என்று தெரியவில்லை. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் முழு விளையாட்டு வாழ்க்கையும் அதற்குள் முடிந்துவிடும். எவ்வாறாயினும், கிரிக்கெட் சபை பந்துவீச்சாளருக்கு மேலதிக விக்கெட்டுகளை வழங்கித் திருத்தவில்லை, பலவீனத்தை உண்டாக்கிய காரணத்தையே தொட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ரைஸின் வரலாறு இதற்கு மறுபக்கம். 2015, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் இப்பாத்திரம் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது. எதிரியை அசையவிடாது கட்டிப்போடும் ஆற்றல் ரைஸுக்கு எந்த நிபந்தனையுமின்றி இருந்து வந்தது. 2019ஆம் ஆண்டின் மாற்றத்தில், முன்கூட்டியே இன்னொரு மந்திரத்தை ஏவிய பின்னரே அது பலிக்கும் என்றாக்கப்பட்டது. எனினும் தோழர்களை இடம்பெயர்க்கும் வட்டம் மாத்திரம் விடப்பட்டது. நோய் எங்கே இருந்ததோ அந்த உறுப்பை விட்டுவிட்டு மற்றையவற்றில் அறுவைச் சிகிச்சை செய்ததாகவே இதனைக் கருத வேண்டியுள்ளது. அறியாத நால்வருடன் ஆடும் ஒருவருக்கு ஒருபோதும் முழுப்பயன் தரமுடியாத ஆற்றல் அது. அதற்கான விலையை ரைஸின் ஏனைய எண்களிலிருந்து கழித்துக்கொள்ளும் வரை, எத்தனை முறை மறுவடிவமைத்தாலும் சாதாரண விளையாட்டாளரிடம் ரைஸ் நோஞ்சானாகவே இருக்கும்.

மறுவடிவமைப்பில் இன்னுமோர் இழப்பும் உண்டு. ஒரு பாத்திரத்துடன் ஐந்நூறு, ஆயிரம் ஆட்டங்கள் ஆடியவருக்கு அதன் ஒவ்வோர் அசைவும் விரல்களில் பதிந்திருக்கும். பழைய பெயரும் பழைய முகமும் இருக்க, உள்ளே இருப்பது வேறொன்று என்றாகும்போது அவர் வெறுங்கையுடன் நிற்கிறார். எண்களைக் கூட்டிக் குறைப்பதில் இவ்விழப்பு இல்லை. ஆதலால் மறுவடிவமைப்பு என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அதனைச் செய்வதாயின் ஒரேமுறை, உரிய இடத்தில் செய்ய வேண்டும்.

பாத்திரங்களைத் தொடாமலே மேடையின் பிரச்சினையைத் தணிக்கும் வழியொன்று அண்மையில் கையாளப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டு முதல் தொழில்முறைத் தொடர்களில், ஓர் ஆட்டத்தில் எந்த அணியேனும் பயன்படுத்திய பாத்திரத்தை அத்தொடரின் அடுத்த ஆட்டங்களில் இரு அணிகளும் மீண்டும் எடுக்க முடியாது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடர் இறுதி ஆட்டம் வரை சென்றால், அதற்குள் 40 பாத்திரங்கள் அரங்கை விட்டு வெளியேறியிருக்கும். அஸீர் எவ்வளவு பலசாலியாக இருப்பினும் ஒரு தொடரில் ஒருமுறைதான் தோன்ற முடியும். மேடையில் ஒரே முகங்களைப் பார்த்துச் சலித்த பார்வையாளரின் மனக்குறையும் இதனால் தீருகிறது. வீட்டிலிருந்து ஆடுவோரின் பாத்திரத்தில் கை வைக்க வேண்டிய தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது. எமது நோக்கில் கடந்த பல ஆண்டுகளில் நிறுவனம் எடுத்த முடிவுகளுள் மிகச் சிறந்தது இதுவே. மேடைக்கு உரிய நோய்க்கு மேடையிலேயே மருந்து தேடப்பட்டிருக்கிறது.

இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கும்போது, மேடையில் ஒரு பாத்திரம் சிறிது மிகையாகத் தலைகாட்டுவதை முன்னரைவிடப் பொறுத்துக்கொள்ள முடியும். ஆகவே அஸீர் போன்றவற்றைப் பழைய கண்டிப்புடன் தாழ்த்தி வைத்திருக்க வேண்டியதில்லை. இதன் பொருள், அதன் தாக்குதலை வாரி வழங்க வேண்டும் என்பதன்று. அவ்வாறு செய்தால் ஆயிரத்தில் ஒருவராக இருப்பவர்களே முதலில் பயனடைவர். பாய்ந்து தப்புவதும் சுவரால் வீசுவதும் கைதேர்ந்தவர்களுக்கே உதவுபவை. அவற்றின் பயனைச் சற்றுக் குறைத்து, நின்ற இடத்தில் சிப்பாய்களைக் கொண்டு தாக்கும் எளிய ஆற்றலுக்கு அந்தப் பலத்தை மாற்றிக் கொடுக்கலாம். மொத்தப் பலம் கூடாது, ஆனால் அது சாதாரண விரல்களுக்கு எட்டும் இடத்துக்கு வந்து சேரும். அஸீரின் அழகே அந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது என்று அதன் அபிமானிகள் வாதிடக்கூடும். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. அந்த அழகு வேண்டுமெனில் தோல்விகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது.

எதனையும் மாற்றுவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்தாலும், அதனைப் பகிரங்கமாகச் சொல்லும் பொறுப்பு அதற்கு உண்டு. பாத்திரம் ஒன்றை வாங்க வரும் பதினாறு வயது மாணவனுக்கு, அது கற்றுக்கொள்வதற்குக் கடினமானது என்ற குறிப்பு ஏற்கெனவே காட்டப்படுகிறது. தொழில்முறைப் போட்டிகளின் பொருட்டு இதன் பலம் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற ஒரு வரியையும் அதனருகே சேர்ப்பதற்கு இரண்டு வாரங்கள்கூடத் தேவைப்படாது.